ஏ-9 வீதியில் இறக்கப்பட்டவர்கள்

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிற ஏ-9 வீதி கட்டுகஸ்தோட்டையையும் அம்பதென்னையையும் தாண்டி எங்கள் ஊருக்குள் நுழைகிறது. அக்குறணையில் கடை, பள்ளிவாசல், வங்கி எல்லாம் அந்த வீதியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. மழை கனத்தால் பிங்கா ஓயா பெருகிக் கடைகளுக்குள் வந்துவிடும். மிளகும் கராம்பும் கட்டிவைத்த சாக்குகளைத் தூக்கி மேலே போட்டுவிட்டு, தண்ணீர் வடியும் வரை காத்திருப்போம். ஆமி வந்து நிற்கும் காலங்களிலும் அதே வீதியோரத்தில்தான் காத்திருந்தோம். நாட்டைப் பயங்கரவாதத்திலிருந்து காப்பது என்றால் என்ன என்பதை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில் ஓடும் பஸ்ஸில் இருந்து பார்த்ததுதான்.

1989-இல் நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். கண்டிக்கு டியூஷனுக்குப் போகும் பஸ் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும். "பஹின்ன" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். வரிசைக்கு முன்னால் ஒரு ஜீப். அதற்குள் தலையிலிருந்து இடுப்பு வரை சாக்கு போர்த்திய ஒருவன் இருப்பான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. சிங்களவர்கள் அவனை 'கோனி பில்லா' என்பார்கள். வடக்கில் 'தலையாட்டி' என்பார்கள். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்து போக வேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்தப் பையனை ஜீப்புக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். அப்படிக் கொண்டுபோனவர்கள் அநேகமாக எல்லோரும் சிங்களப் பையன்கள். டியூஷன் வகுப்பில் எனக்கு முன் வாங்கில் இருந்த ஒருவன் ஒருநாள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சியை அரசு அடக்கிய காலம் அது. அதே ஆண்டில்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அல்விஸ் குளத்தைச் சுற்றித் துண்டித்த தலைகளை வைத்தார்கள். ஜே.வி.பி.யும் சும்மா இருக்கவில்லை. கடையைத் திறந்ததற்காகவும், சொன்னபடி கேட்காததற்காகவும் ஆட்களைக் கொன்றது. மக்கள் இரண்டு பக்கமும் பயந்தார்கள்.

என் முறை வரும்போது அடையாள அட்டையில் பெயரைப் பார்ப்பார்கள். "முஸ்லிம்த? யன்ன." அவ்வளவுதான். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். வாப்பா ஒவ்வொரு நாளும் சொல்லி அனுப்புவார்: "ஐ.டி.ய சட்டப் பையில வெச்சிக்கோ மகன். கேட்டா மட்டும் பேசு. கேக்காட்டி வாயத் திறக்க வேணாம்."

அந்த நாட்களில் ஆட்களைப் பிடிப்பதற்குக் கையில் இருந்தவை அவசரகால விதிகளும் பயங்கரவாதத் தடைச் சட்டமும். இந்தச் சட்டம் 1979 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தனவின் ஆட்சியில் வந்தது, இலக்கம் 48. வடக்கில் ஆயுதம் எடுத்த தமிழ் இளைஞர்களை அடக்க மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவந்தார்கள். 1982-இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அமைச்சர் கையெழுத்திட்டால் நீதிமன்றம் குற்றம் காணாமலே ஒருவரை மூன்று மாதம் அடைத்து வைக்கலாம். அதையே நீட்டி நீட்டி, அன்றைய சட்டப்படி பதினெட்டு மாதம் வரை கொண்டுபோக முடிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ள ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியாகும். அடித்து வாங்கியது என்றால், அதை நிரூபிக்க வேண்டியது அடிவாங்கியவரின் வேலை. தமிழரை நினைத்து எழுதிய சட்டம் பத்து வருடம் கழியுமுன் சிங்களப் பிள்ளைகள் மேலும் பாய்ந்தது. அதைப் பாராளுமன்றத்தில் கை உயர்த்தி நிறைவேற்றியவர்களில் எத்தனை பேர் இதை எதிர்பார்த்திருப்பார்கள்?

1990-களில் வரிசை மாறியது. இப்போது பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டியவர்கள் தமிழர்கள்.

எங்கள் கடையில் கணக்கு எழுதியவர் மாத்தளைத் தமிழர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை, காதோரம் நரை. மாத்தளையிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். மிளகின் ஈரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே கிலோவுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். வாப்பா அவரைக் 'கணக்கப்பிள்ள' என்றும், நாங்கள் 'ஐயா' என்றும் கூப்பிடுவோம். 1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லொறியை தலதா மாளிகையின் வாசலில் கொண்டுவந்து வெடிக்கவைத்தார்கள். வழிபட வந்தவர்கள் செத்தார்கள். சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டு விழாவைச் சில நாட்களில் கண்டியில் நடத்த இருந்தார்கள். இளவரசர் சார்ள்ஸும் வருவதாக இருந்தது. விழா கொழும்புக்குப் போனது. மாளிகைக்கு முன்னால் போகிற வீதியை வாகனங்களுக்கு மூடினார்கள். கண்டி நகரத்தின் வாகன நெரிசலைப் பற்றி இன்றைக்கு யார் பேசினாலும் அந்த மூடிய வீதியில்தான் பேச்சு வந்து நிற்கும்.

அந்தத் திங்கட்கிழமை ஐயா வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் பத்து மணிக்கு முன் வந்து சேரமாட்டார். வழியில் இறக்கி நிறுத்துவார்கள். எங்கே பிறந்தாய், யாழ்ப்பாணத்தில் யார் இருக்கிறார்கள், எதற்காக அக்குறணைக்குப் போகிறாய்? அவரோ மூன்று தலைமுறையாக மாத்தளையில் இருப்பவர். யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை. கடைசியில் வாப்பா கடையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதினார். "இவர் எமது கடையில் நீண்டகாலமாகக் கணக்காளராகப் பணிபுரிகிறார், நன்னடத்தை உள்ளவர்" என்று சிங்களத்தில் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் அடித்து, கீழே தன் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டார். அரசாங்கம் கொடுத்த அட்டையைவிட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருந்தது. ஐயா அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மடித்த இடம் கிழிந்ததும் வாப்பா புதிதாக இன்னொன்று எழுதிக் கொடுப்பார். ஒரு பிரஜை தன் நாட்டு வீதியில் நடக்க இன்னொரு பிரஜையின் சிபாரிசு தேவைப்பட்டது. அப்போது அது எங்களுக்கு உதவியாகத் தெரிந்ததே தவிர, அநியாயமாகத் தெரியவில்லை.

தமிழர்களை இறக்கும்போது பஸ்ஸில் இருந்த எங்களில் எவரும் வாய் திறக்கவில்லை, அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைக் கையில் எடுத்ததோடு வெளியேற்றினார்கள். அப்படி வந்தவர்களுக்கு எங்கள் ஊரிலும் அரிசி சேர்த்தோம். ஆமி எங்களுக்குக் காவல் என்று நினைத்தோம். அன்றைக்கு அது பொய்யும் அல்ல. குண்டு வைப்பவர்கள் இருக்கும் நாட்டில் யாரையும் சோதிக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். எங்கள் மிளகு லொறியை நிறுத்தி, முனை கூரான இரும்புக் கம்பியால் ஒவ்வொரு சாக்காகக் குத்திப் பார்ப்பார்கள். கம்பி நுழைந்த ஓட்டையால் மிளகு வீதியில் சிந்தும். வாப்பா முகம் சுளிக்காமல் நிற்பார். லொறியைச் சோதிப்பதில் தப்பில்லை, லொறி யாருடையதாக இருந்தாலும் சோதிப்பார்கள். பெயரை வைத்து மனிதனைப் பிரிப்பதுதான் வேறு. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பெயர் எங்களுடையதாக ஆனபோதுதான் ஊருக்கு உறைத்தது.

2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரியத் தொடங்கின. 5-ஆம் திகதி தெல்தெனிய, திகன பக்கம்; 6-ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை; 7-ஆம் திகதி கட்டுகஸ்தோட்டை, அம்பதென்னை, அக்குறணை. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு அமுலில் இருந்தது. ஊரடங்கு என்றால் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். நாங்கள் இருந்தோம். கூட்டமாக வந்தவர்கள் இருக்கவில்லை. பெண்களையும் பிள்ளைகளையும் உள்ளே இருக்கிற வீடுகளுக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் பள்ளிவாசலில் விழித்திருந்தோம். பாதுகாப்புக் கேட்டு எடுத்த போன் அழைப்புகளுக்கு "வருகிறோம்" என்ற பதில் வந்தது. ஆட்கள் வர நேரமாயிற்று. அன்றைக்குத்தான் ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கியது.

இந்த முடக்கத்தைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு இருந்தது, இன்றும் இருக்கிறது. வெறுப்பைப் பரப்பிய செய்திகள் போன் வழியாகத்தான் ஓடின. எந்தக் கடையை எரிப்பது என்ற தகவலும் அதில்தான் போனது. ஃபேஸ்புக் நிறுவனமே 2020-இல் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. ஆகவே முடக்கியது சரி என்பார் ஒருவர். ஆனால் திகனையில் இருக்கிற என் மச்சினிச்சி உயிரோடு இருக்கிறாளா என்று அறிய எங்களுக்கும் அந்த வட்ஸ்அப்தான் இருந்தது. முடக்கம் மார்ச் 15 வரை நீடித்தது. தீ வைத்த முகங்கள் வீடியோக்களில் தெளிவாகத் தெரிந்தன. அந்த முகங்களைத் தேடிப் பிடிப்பதில் காட்டாத வேகத்தை எல்லோருடைய வாயையும் கட்டுவதில் காட்டினார்கள். என் அபிப்பிராயம் அதுதான்.

பிறகு 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று ஹோட்டல்கள். குண்டுவெடிப்புகளில் இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிள்ளைகள் பூசைக்கு உடுத்திய புது உடுப்போடு செத்தார்கள். செய்தவர்களின் பெயர்கள் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் வைக்கிற பெயர்கள். டிவியில் அந்தப் பெயர்களை வாசித்தபோது வாப்பா எழும்பிப் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை ஊரில் ஜும்ஆ நடக்கவில்லை. வீட்டில் ளுஹர் தொழுதோம். கிறிஸ்தவர்களுக்கும் அடுத்த ஞாயிறு பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் தொலைக்காட்சியில்தான் பூசை ஒப்புக்கொடுத்தார்.

அவசரகால நிலை வந்தது. 29-ஆம் திகதி முகத்தை மூடும் உடைகளுக்குத் தடை வந்தது. என் தங்கச்சி முகம் மூடுபவள். வீட்டை விட்டு இறங்குவதை நிறுத்திவிட்டாள். வங்கியிலோ சோதனைச் சாவடியிலோ முகத்தைக் காட்டு என்று கேட்பது நியாயம். அவளும் அதை மறுத்ததில்லை. ஆனால் தடை முகத்துக்கு மட்டும்தான் என்று எழுதியிருக்க, தலையில் முக்காடு போட்டவர்களையும் ஆஸ்பத்திரி வாசலிலும் அலுவலகத்திலும் மறித்தார்கள். ஹசலக்கையில் ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். அவர் சட்டையில் இருந்தது கப்பல் சுக்கானின் படம். அதைத் தர்மசக்கரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் வாரக்கணக்கில் மறியலில் இருந்தார்.

மே முதல் வாரத்தில், வாள், பெரிய கத்திகள் இருந்தால் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள். வீட்டு வேலைக்கான கத்திக்குப் பிரச்சினை இல்லை என்றார்கள். எது வீட்டுக் கத்தி, எது பெரிய கத்தி? என் மனைவி ஒரு பழைய பத்திரிகையை விரித்து வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அதில் அடுக்கினாள். பலாக்காய் வெட்டும் கத்தி, தேங்காய் உரிக்கிற மன்னாக் கத்தி, ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் கொடுக்கும் நீளமான கத்தி, மீன் கத்தி, பழம் நறுக்கும் சின்னக் கத்தி. திருவலையையும் கொண்டுவந்து வைத்தாள், அதிலும் இரும்பு இருக்கிறதே என்று. "இதுல எத வெச்சிக்கோணும், எதக் குடுக்கோணும்?" என்று கேட்டாள். பதில் எனக்குத் தெரியவில்லை. குர்பான் கத்தியையும் மன்னாக் கத்தியையும் கொடுத்தோம். அந்த வருடம் பலாக்காயை மீன் கத்தியால் வெட்டினோம்.

நோன்பு தொடங்கிய வாரத்தில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். சஹர் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரம். வந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். சப்பாத்தைக் கழற்றவா என்றுகூட ஒருவர் கேட்டார். அலுமாரியில் என் மூத்தம்மாவின் கிதாபு இருந்தது. ஓரம் செல்லரித்து, தாள் பழுப்பேறி, ஒவ்வொரு பக்கத்திலும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. அதிகாரி அதைப் புரட்டினார். "அரபுப் புத்தகமா?" இல்லை சேர், தமிழ் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுத்து அரபு, பாஷை தமிழ். எங்கள் பழைய பெண்கள் தமிழ் எழுத்துப் படிக்காமல் இதில்தான் படித்தார்கள், உள்ளே இருப்பது பிள்ளைத்தாய்ச்சிகளுக்காக ஓதுகிற பாட்டு என்று விளக்கினேன். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியவில்லை. நானே இரண்டு வரி வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "தமிழ்தான் சேர்" என்று சிங்களத்தில் சொன்னார். புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பொலிஸ்காரர் அன்றைக்கு வேறு எங்காவது வேலையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் இன்றும் நினைப்பதுண்டு. அரபு எழுத்துள்ள புத்தகம் வைத்திருந்ததற்காகக் கைதானவர்கள் நாட்டில் இருந்தார்கள். பயந்தவர்கள் இரவோடு இரவாகக் கிதாபுகளை எரித்தார்கள், புதைத்தார்கள். அரபுத் தமிழில் எத்தனை நூல்கள் அந்த ஒரு மாதத்தில் அழிந்தன என்பதற்குக் கணக்கில்லை.

என் மகன் அப்போது கண்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். மாத்தளை ஐயா காலமாகிப் பல வருடம். அவருடைய மகன் கண்டியில் வேலை செய்கிறார். விஷயம் தெரிந்து அந்த வீட்டுக்குப் போய், "இந்தப் பிள்ளையச் சின்ன வயசில இருந்து தெரியும், நான் பொறுப்பு" என்று சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நன்றி சொல்லப் போன் எடுத்தேன். "அண்ணன், ஒங்க வாப்பா எங்க அப்பாவுக்கு எழுதிக் குடுத்த கடிதம் இன்னும் வீட்டில இருக்கு" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

இவ்வளவு சோதனைக்குப் பிறகு நாடு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏப்ரல் 21 நடந்தது அரசுக்கு அதிகாரம் போதாததாலா? பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்போது நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிமைப் பற்றிக் காத்தான்குடி மக்களே பல முறை முறைப்பாடு செய்திருந்தார்கள். 2018 டிசம்பரில் மாவனெல்லைப் பக்கம் புத்தர் சிலைகளை உடைத்தார்கள். 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிமருந்து பிடிபட்டது. அந்த விசாரணைக்கு உதவிய மாவனெல்லைத் தஸ்லீமை மார்ச்சில் வீடு புகுந்து தலையில் சுட்டார்கள். உயிர் தப்பினாலும் அவர் உடல் முடங்கிப்போனது. அவர் ஒரு முஸ்லிம். பொலிஸுக்குத் துணை நின்றதற்காகவே சுடப்பட்டார். அவரைக் காக்க ஏற்பாடு இருக்கவில்லை. ஏப்ரல் 4-ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. அது மேசைகளுக்கிடையில் சுற்றிக்கொண்டிருந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா, முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 75 மில்லியன், பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 50 மில்லியன் நட்டஈடு கட்ட வேண்டும். கையில் வந்த தகவலை வைத்துக்கொண்டு கடமையைச் செய்யவில்லை என்பதுதான் குற்றம். தகவல் தந்தவரைக் காப்பாற்றாத அரசு, பிறகு வந்து என் மூத்தம்மாவின் கிதாபைப் புரட்டியது.

மிளகில் கல் கலந்திருந்தால் சுளகில் போட்டுப் புடைத்துப் பொறுக்குவோம். சாக்கோடு பிங்கா ஓயாவில் கொட்டமாட்டோம். 2020-இல் நடந்தது அந்தக் கொட்டல்தான். கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் ரம்ஸி ராஸிக், ஓய்வுபெற்ற அரச ஊழியர். முஸ்லிம்கள் தங்களுக்கெதிரான வெறுப்பைப் பேனாவாலும் கீபோர்டாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் சிங்களத்தில் எழுதினார். ஏப்ரல் 9-இல் கைதானார். நோயாளி அவர், ஐந்து மாதத்துக்கு மேல் சிறையில் இருந்து செப்டெம்பரில்தான் பிணையில் வந்தார். அந்தக் கைது சட்டவிரோதமானது என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பரில். அடுத்தது அஹ்னாப் ஜஸீம், மன்னார் பக்கத்து இளம் கவிஞர், ஆசிரியர். 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பில் தீவிரவாதம் இருக்கிறது என்று 2020 மே மாதம் பிடித்தார்கள். வன்முறைக்கு எதிரான கவிதைகளும் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. தமிழ்க் கவிதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும் விஷயம். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. எங்களிடம் தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் காது கொடுத்துக் கேட்டார், தப்பினோம். அஹ்னாபுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

பாதுகாப்புக்காக ஊர் தன் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்காது என்றும் யாரும் சொல்ல முடியாது. 2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்காக அக்குறணையை முற்றாக மூடினார்கள். வீதியின் இரண்டு பக்கமும் படையினர் நின்றார்கள். அவமானமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் மக்கள் அடங்கி இருந்தார்கள். ஏன் மூடுகிறார்கள் என்பது தெரிந்தது, நோய் அடங்கினால் திறப்பார்கள் என்பதும் தெரிந்தது, அப்படியே திறந்தார்கள்.

2023 நோன்பின் கடைசி நாட்களில் ஒரு போன் அழைப்பு வந்தது. அக்குறணையில் பள்ளிவாசல் ஒன்றைத் தாக்கப் போகிறார்கள் என்று யாரோ பொலிஸுக்குச் சொன்னார். உடனே பொலிஸாரும் இராணுவத்தினரும் ஊருக்குள் வந்தார்கள். 2018-இல் கூப்பிட்டும் வர நேரமானவர்கள், 2019-இல் கூப்பிடாமல் வந்து அலுமாரி திறந்தவர்கள், இந்த முறை எங்களைக் காக்கப் பள்ளி வாசலில் நின்றார்கள். தராவீஹ் தொழப் போகிறவர்களின் பைகளைத் திறந்து பார்த்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நோன்புக் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றிப் பையன்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தத் தகவல் பொய் என்று பிறகு தெரிந்தது; அழைத்தவரைத் தேடிப் பிடித்துக் கைது செய்தார்கள். பெருநாள் வந்தது, படையினர் போனார்கள்.

அந்த ஒரு வாரத்தில் எல்லாம் சரியாக நடந்தது. குறிப்பான தகவல், உடனடி நடவடிக்கை, எல்லோருடைய பைக்கும் ஒரே சோதனை, தப்புச் செய்த ஒருவர் மேல் மட்டும் வழக்கு, வேலை முடிந்ததும் விலகல். இதற்கு எந்தப் புதுச் சட்டமும் தேவைப்படவில்லை. எவரையும் பதினெட்டு மாதம் அடைத்து வைக்கவும் இல்லை. ஏப்ரல் 2019-க்கு முன் இதே வேகம் இருந்திருந்தால் கொச்சிக்கடையில் மணி அடித்திருக்கும், என் வீட்டில் கத்தியும் மிஞ்சியிருக்கும்.

இப்படி நடந்துகொண்ட இன்னொரு நாடும் உண்டு. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சேர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதவர்களை ஒருவன் சுட்டது உயிர்த்த ஞாயிறுக்கு ஐந்து வாரத்துக்கு முன். 51 பேர் செத்தார்கள். நியூசிலாந்து ஒரு மாதத்துக்குள் அந்த மாதிரித் துப்பாக்கிகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. கொலைகாரனின் இனத்தவர் வீடுகளைச் சுற்றிவளைக்கவில்லை. சின்ன நாடுதான் அதுவும்.

இங்கே பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்றும் இருக்கிறது. 2022-இல் திருத்தினார்கள், பதினெட்டு மாதம் பன்னிரண்டு மாதமானது. அதற்குப் பதிலாக 2018-இல் ஒரு சட்டமூலம், 2023-இல் இன்னொரு சட்டமூலம் வந்தன, இரண்டும் நிறைவேறவில்லை. அந்தச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்து 2024-இல் ஆட்சிக்கு வந்தவர்களில், 1989-இல் அதே விதிகளால் தோழர்களை இழந்த ஜே.வி.பி.யினரும் இருக்கிறார்கள். அவர்களுடைய காலத்தில்தான், 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய ஓர் இளைஞரைக் கொழும்பில் இந்தச் சட்டத்தின் கீழ் பிடித்து வைத்தார்கள். சில வாரத்தில் விட்டுவிட்டார்கள். ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவு பெரிய சட்டம் எதற்கு?

சட்டமூலம் மறுபடியும் வரும். வரும்போது அதன் பெயரைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையைத் திருப்பாதீர்கள். பிடித்தவரை எத்தனை மணித்தியாலத்தில் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்று இருக்கிறதா, பொலிஸில் கொடுத்த வாக்குமூலம் சாட்சியாகுமா, எழுதுவதும் பேசுவதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் பயங்கரவாதத்துக்குள் வருகிறதா, சட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டா என்று தேடிப் பாருங்கள். சிங்களவரோ, தமிழரோ, முஸ்லிமோ, யாராக இருந்தாலும் சரி. மூன்று பேரையும் இந்த வீதியில் இறக்கியிருக்கிறார்கள். உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் வாக்களிக்கப் போகுமுன் இந்தக் கேள்விகளை அவரிடம் கேளுங்கள்.